மை கரைந்த நாளில் பேஸ் கூப்பிட்டது

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் நாற்பது பேர் ஊதும் ஒரு பட்டாளத்து பேண்டில், யார் எந்த நேரத்தில் எந்தச் சுரத்தை ஊத வேண்டும் என்று பதினெட்டு வருடம் என் கையெழுத்துதான் சொன்னது. கான்வென்டில் பியானோ படித்த கர்னல் வீட்டுப் பெண் ஒருத்தி என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது அச்சடித்ததா என்று கேட்டிருக்கிறாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பெருமை இல்லை. காரணம், ஹவில்தார் சதீஷ்.

சதீஷ் இப்போது எங்கள் பழைய பேண்டில் கிளாரினெட் ஊதுகிறார். இசைக் குறிப்பு எழுதிய நோட்டுத் தாள்கள் வைக்கும் அலமாரியும் அவர் பொறுப்பு. மேட்டுப்பாளையத்துக்காரர். போன மழைக்கு முன்னால் ஒரு காலை வேளையில், கேத்தியில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தார். கையில் இரண்டு தாள் கட்டுகள். இப்போதெல்லாம் பேண்டில் தாளே கிடையாதாம். ஸ்டாண்டில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரை மாட்டிக்கொள்கிறார்கள். காலால் அழுத்தினால் பக்கம் திரும்புகிறது. நல்ல சாமான். அது அன்றைக்கு இருந்திருந்தால் நான் செய்த தப்பைச் செய்ய எனக்கு வழியே இருந்திருக்காது.

"ஏனுங்கய்யா, பழைய தாளெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தீட்டு இருக்கறோமுங்க. 'தேயிலை நாள்' ஏத்தறப்ப ஒரு சிக்கலுங்க. மூணாம் பாகத்துக்கு ரெண்டு கட்டு இருக்குது. ரெண்டும் உங்க கையெழுத்துத்தானுங்களே?"

"என் கையெழுத்துதான். அப்படி எழுத இந்த மலையில வேற ஆள் ஏது?"

"பழைய கட்டு ஈரம் பட்டுக் கலங்கியிருந்தாலும், பேஸ் குழலுக்கு முப்பத்தாறு தாளச் சுத்து சும்மா இருக்கோணும்னு போட்டிருக்கறது தெரியுதுங்க. புதுக் கட்டுல அதே இடத்துல பேஸ் அங்கங்க ரெண்டு ரெண்டு சுரம் ஊதுது. தேவசகாயம் சார் மொதல்ல எழுதுனது பழசுதானுங்க. பின்னாடி யாரோ நடுவுல சொருகியிருக்காங்க போல. அதனால பேஸ மட்டும் பழசுப்படியே வாசிக்கலாம்னு இப்ப இருக்கற பேண்டு மாஸ்டர் சொல்லீட்டாருங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

யாரோ. என் சம்சாரம் கொண்டுவந்து வைத்த டீ இரண்டு பேர் முன்னாலும் ஆறிக்கொண்டிருந்தது. அந்த யாரோ நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பட்டாளத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரே 'லவுட் ஸ்பீக்கர்'.

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். எனக்குப் பத்து வயதில் கப்பல் ஏறி, ரயில் ஏறி, கடைசியில் சேரங்கோட்டில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஓர் அறை கிடைத்தது. அப்பா இங்கே வந்த இரண்டாம் வருடமே தவறிப்போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்தார். நான் பள்ளியை விட்டுவிட்டு, ஃபாக்டரியில் மூட்டை தூக்கினேன். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லாரியில் தொற்றிக்கொண்டு குன்னூர்ப் பக்கம் இருந்த முகாமுக்குப் போனேன். ஓட்டத்தில் தேறினேன். பிறகு பேண்டுக்கு ஆள் பொறுக்க ஒருவர் வந்தார். சுவரில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, கையை எடுத்துவிட்டு, கீழே விழாமல் வாயால் ஊதியே நிறுத்த வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் பத்து எண்ணுவதற்குள் விட்டார்கள். நான் ஊத ஆரம்பித்ததும் அவர் எண்ணுவதையே நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் எத்தனை எண்ணினான் என்று பிறகு கேட்டேன். "எண்ணலைங்க, பயந்துட்டேன்" என்றான்.

அப்படிப்பட்ட மூச்சுக்கு எந்தக் கருவி கொடுப்பார்கள்? பேஸ்தான். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது போல் அணைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழல். பேண்டுக்கு அதுதான் அஸ்திவாரம். உதடு வீங்கி, இறங்கி, மறுபடி வீங்கி இரண்டு வருடம் போயிற்று. தமிழ்ப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன், நோட்டை மட்டும் ஓடுகிற தண்ணீர் மாதிரி படித்தேன்.

காகிதத்தை வைத்து என்னைப் பொறுக்கியவர்தான் எங்கள் பேண்டு மாஸ்டர் தேவசகாயம் சார். தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்து ஊர். ஒல்லி. மீசை கிடையாது. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் குரல் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால் நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். 'நல்லாருக்கு' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து ஒருவனும் கேட்டதில்லை. நன்றாக ஊதினால் "அடுத்த பக்கம்" என்பார். அவ்வளவுதான் பரிசு. அதற்காக உதடு கிழிய ஊதியிருக்கிறோம்.

எந்தப் புதுப் பாட்டையும் கருவியைத் தொடாமல் முதலில் வாயால் பாடிக் காட்ட வேண்டும். பிறகு கருவியில் சத்தம் வராமல் வெறும் மூச்சை ஊதிச் சூடாக்க வேண்டும். எங்கள் மலைக் குளிரில் பித்தளை சுருங்கிச் சுருதி இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஊதலாம்.

என் கோடு நேராக இருப்பதைப் பார்த்து, நோட்டு எழுதும் வேலையையும் அவர்தான் எனக்குக் கொடுத்தார். அவர் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து பென்சிலில் எழுதிய பெரிய தாளிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். ஐந்து நிப்புகளை ஒரு பித்தளைத் தகட்டில் நானே பொருத்தி, ஒரே இழுப்பில் ஐந்து கோடு போட்டேன். கிளாரினெட்டுக்கு ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும், ஹார்னுக்கு இன்னும் ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் தலையிலேயே நடக்கும். ஊதுகிறவனுக்கு இரண்டு கையும் கருவியில் இருக்கும். அதனால் பக்கத்தின் கடைசி வரி அவன் ஓய்வெடுக்கும் இடத்தில் முடிய வேண்டும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு சேர்கிறவனுக்கு, அவனுக்கு முன்னால் ஊதுகிறவனின் சுரத்தைப் பொடி எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே வருவான்.

எழுதி முடித்து நீட்டினால் சார் கட்டை விரலை நாக்கில் தொட்டு, தாளின் மேல் மூலையில் ஒரு தேய் தேய்ப்பார். கரையாத கறுப்பு மையில்தான் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். வெளியில் வாசிக்கிற பேண்டு. தூறலும் பனியும் கேட்டுக்கொண்டா வரும்? விரலில் மை ஒட்டாவிட்டால் "அடுத்த பக்கம்."

இந்த மனிதர் ஓய்வு பெறப் போகும் வருடத்தில் சொந்தமாக ஒன்று எழுதினார். அதுதான் 'தேயிலை நாள்'. பாட்டு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, வயலின் கிடையாது. முழுக்க ஊதும் கருவிகளும் மேளமும் வைத்து ஒரு தோட்டத்தின் ஒரு நாளைக் கதையாகச் சொல்வது. நாலு பாகம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டு, கொழுந்து எடுப்பு, பனி, சாயங்காலம் நிறுவை. கேட்பவர்களுக்குக் கதை புரிய, வாசிக்கும் முன் ஓர் அதிகாரி நாலு வரி படிப்பார். மிச்சத்தை நாங்கள் ஊதிக் காட்ட வேண்டும்.

இரண்டாம் பாகத்தைப் பாடிக் காட்டச் சொன்ன அன்று நான் கையைத் தூக்கினேன். "சார், கொழுந்து எடுக்கிறவங்க கை இப்படிப் போகாது."

முதல் கிளாரினெட் போஜன், கேத்திக்காரன், என் சிநேகிதன், "போச்சுடா" என்று முணுமுணுத்தான்.

"பின்ன எப்படில போகும்?" என்றார் சார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இது ஊஞ்சல் ஆடுற மாதிரி இருக்கு சார். அங்க ஊஞ்சல் கிடையாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னோடு பஸ் ஏறினார். ஓர் அதிகாரி, பஸ்ஸில் மணிக்கணக்காக நின்றுகொண்டு, சேரங்கோட்டு லயத்துக்கு வந்தார். என் தோட்டத்தில் இதை இன்றைக்கும் சொல்வார்கள்.

அம்மா வாசலில் சாக்கு விரித்தார். "வாங்கய்யா. தேத்தண்ணி குடிங்க. நம்ம பொடியன் அங்க ஒழுங்கா இருக்கானா? வாய் கூடத்தான்."

"வாய் கூடினதாலதான் பேஸ் குடுத்திருக்கேன்" என்றார் சார். அம்மா சிரித்துவிட்டார்.

அவர் கேட்கக் கேட்க அம்மா வெறுங்கையால் காற்றில் கொழுந்து எடுத்துக் காட்டினார். வலது கை, இடது கை, வலது, வலது, இடது. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் ஒரு வீச்சு. சார் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டார்.

"வேலை செய்யும்போது பாடுவீங்களாம்மா?"

"பாட்டா? கங்காணி கத்துறதுக்கு மேல எங்க பாடுறது? அவன் கத்துறதுதான் நாள் முழுக்கக் கேக்கும்."

அதையும் குறித்துக்கொண்டார். அப்படித்தான் இரண்டாம் பாகத்தில் டிராம்போன் கத்த ஆரம்பித்தது.

புறப்படுகிற நேரத்தில் அம்மா இன்னொன்றும் சொன்னார். "பனி எறங்கினா பக்கத்து நிரையில நிக்கிறவளத் தெரியாதுங்கய்யா. ஆனை நின்னாலும் தெரியாது. அதுனால ஒருத்தி பேர ஒருத்தி கூப்பிட்டுக்கிட்டே இருப்போம். பதில் வந்தா ஆள் இருக்கா. வரலைன்னா எல்லாரும் கைய நிறுத்திட்டுத் தேடணும்."

அதை சார் குறிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில் நான், "பனியில கூப்பிடுறதையும் சேக்கலாமே சார்" என்றேன்.

"பனின்னா அமைதிலே. ஊரே கத்துற கதையில அந்த ஒரு எடம் அமைதியா இருக்கட்டும். உன் பேஸுக்கு அங்க முப்பத்தாறு பார் ஓய்வு. வாய மூடிட்டு எண்ணு." பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று. முப்பத்தாறு சுற்றும் நான் சும்மா இருக்க வேண்டும்.

ஜன்னல் வழியே பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முப்பது வருசமா அடுத்தவன் எழுதினதுக்குத்தான் கை வீசினேன். நான் எழுதினது இது ஒண்ணுதான். இது நின்னாப் போதும்லே."

அவர் எதைப் பணயம் வைத்திருந்தார் என்று எனக்கு அன்றே தெரியும். முகாம் மைதானத்தில் முதல் கச்சேரி. அதைக் கேட்க மேலிடத்திலிருந்து ஒரு பிரிகேடியர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் 'தேயிலை நாள்' டில்லிக்குப் போகும். பல பேண்டுகள் சேரும் விழாவில் வாசிக்கப்படும். பிடிக்காவிட்டால் அலமாரிக்குள் போகும். இரண்டு மாதத்தில் சார் ஊருக்குப் போய்விடுவார். வெளியே எடுக்க ஆள் இருக்காது.

சார் கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்ததால் மூன்றாம் பாகம் என் கைக்கு வர நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. திங்கள்கிழமை பெரிய தாள் வருகிறது. போஜன் பேண்டு அறையில் எல்லார் முன்னாலும் கேலி செய்தான்.

"ஏப்பா மாரிமுத்து, கேத்தியில கேரட்டு புடுங்கி மூட்டை கட்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டு வந்துருவேன், நீ இன்னும் கோடு போட்டுட்டு இருப்ப."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் தாள் உன் ஸ்டாண்டில இருக்கும். இல்லைன்னா என் மீசைய எடுத்துடறேன்."

மீசை என் முகத்தில் நன்றாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கோடுகளை எல்லாம் முன்பே போட்டு வைத்திருந்தேன், கரையாத மையில். முதல் பக்கங்களைச் சுரமும் சேர்த்து எழுதி முடித்தேன். புதன்கிழமை மத்தியானம் மை பாட்டில் காலியாயிற்று. குன்னூர் பஜாரில் அந்த மை விற்பது ஒரே கடை. அங்கே, "ரெண்டு நாள்ல வரும் தம்பி, கோயம்புத்தூர்ல சொல்லியிருக்கு" என்றார்கள். அதே அலமாரியில், பக்கத்திலேயே, பள்ளிப் பிள்ளைகள் பேனாவுக்கு ஊற்றும் கறுப்பு மை இருந்தது. தாளில் விழுந்து காய்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டு நாள் தாமதமாகும் என்று சாரிடம் சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருக்க மாட்டார். ஊட்டிக்கு ஆள் அனுப்பி வாங்கியிருப்பார். ஆனால் போஜன் சிரிப்பான். பள்ளி மையை வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாருடைய ஸ்டாண்டிலும் தாள் இருந்தது. சார் விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு கட்டிலும் மேலே இருந்த முதல் பக்கத்தைத் தேய்த்தார். முதல் பக்கத்தை மட்டும்தான் தேய்ப்பார் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் பார்த்தவன். "அடுத்த பக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மூன்றாம் பாகத்தை இரண்டே தடவைதான் பாடிப் பார்க்க நேரம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் பளீரென்று இருந்தது. அதிகாரிகள் குடும்பம் முன்னால் நாற்காலிகளில். பின்னால் கயிறு கட்டிய இடத்தில் சுற்று வட்டாரத் தோட்டத்து ஜனம். சேரங்கோட்டிலிருந்து அம்மாவும் வந்து முதல் நாளே தங்கியிருந்தார்.

பெரட்டு நன்றாகப் போயிற்று. கொழுந்தில் டிராம்போன் கங்காணி மாதிரி கத்தியதும் கயிற்றுக்குப் பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்தது. எங்கள் மலையில் பனி வருவதற்கு ஐந்து நிமிஷம் போதும். மூன்றாம் பாகம் ஆரம்பிக்கும்போது மைதானத்தின் ஓரத்து மரங்கள் இல்லை. பக்கம் திரும்பும்போது முன் வரிசைத் தொப்பிகள் இல்லை. பின் வரிசையில் இருந்த எனக்கு சாரின் கை தெரியவில்லை.

என் தாளில் ஓய்வுதான், எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஹார்ன் ஊதுகிறவனின் தாளைப் பார்த்தேன். ஐந்து கோடுகளும் கருகருவென்று நின்றன. அவற்றின் மேல் பள்ளி மையில் எழுதிய சுரங்கள் பனியின் ஈரத்தில் ஒவ்வொன்றாகக் கால் நீண்டு, கலங்கி, கீழே வழிந்துகொண்டிருந்தன. பொடி எழுத்தில் எழுதியிருந்தது முழுக்கப் போய்விட்டது.

முன்னால் கிளாரினெட்டுகள் மெலிந்தன. ஆறு பேர், மூன்று பேர், கடைசியில் போஜன் ஒருவன். ஒன்பதாவது பாரில் சேர வேண்டிய புல்லாங்குழல் சேரவில்லை. மெட்டு எல்லாருக்கும் ஓரளவு நினைவிருந்தது. ஆனால் எப்போது உள்ளே வருவது என்று தெரியவில்லை. எண்ணிக்கை எழுதிய தாளும் போயிற்று, கைகாட்டுகிற ஆளும் தெரியவில்லை. ஹார்ன்காரன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. போஜன் மட்டும் தனியாக ஊதிக்கொண்டிருந்தான். பனிக்குள் ஒரே ஓர் ஆள்.

அத்தனை கருவிக்கும் எழுதியவன் நான். கை எழுதியதை வாய் மறக்காது. ஹார்ன் பதினேழாவது பாரில் வர வேண்டும். பதினாறாவது பாரில் நான் பேஸை உதட்டில் வைத்து, ஹார்னின் முதல் இரண்டு சுரத்தை அடித்தொண்டையில் மெதுவாக ஊதினேன். எனக்கு அங்கே ஊத உரிமையே இல்லை. ஊதினேன். பதினேழில் ஹார்ன்கள் நாலும் ஒன்றாக வந்தன.

பிறகு புல்லாங்குழலைக் கூப்பிட்டேன். வந்தது. கார்னெட்டைக் கூப்பிட்டேன். வந்தது. கிளாரினெட்டில் விழுந்துபோன ஐந்து பேரை அவர்கள் வரியின் தலைச் சுரத்தைக் கொடுத்துக் கூப்பிட்டேன்; ஒவ்வொருவராகப் போஜனோடு சேர்ந்தார்கள். முப்பத்தாறாவது பாரில் எல்லாரையும் சேர்த்து ஒரு தடவை. முப்பத்தேழில் நாற்பது பேரும் எழுந்து நின்ற மாதிரி ஒரு சத்தம். பனிக்குள் எங்கேயோ சாரின் கை அசைந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பிரிகேடியர் பனியைக் கையால் விலக்குவது போல் வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். பனிக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் கூப்பிடுவதும் மற்றவர்கள் பதில் சொல்வதும்தான் எல்லாவற்றிலும் அருமை என்றார். அது எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

சார், "அது தோட்டத்து ஜனங்க வழக்கம் சார்" என்று மட்டும் சொன்னார்.

கயிற்றுப் பக்கம் போனேன். அம்மா என் சட்டைக் காலரைச் சரி செய்தார். "பனியில நீ கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சுடா. எனக்கு ஓன்னு பதில் குடுக்கணும் போல இருந்துச்சு."

மறுநாள் காலை சார் கூப்பிட்டனுப்பினார். பேண்டு அறையில் கொடி கட்டி, துணி காயப்போடுவது போல் கிளிப் மாட்டி, தாள்களைத் தொங்கவிட்டிருந்தார். அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தார். விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளின் முதல் பக்கத்தைத் தேய்த்தார். ஒன்றுமில்லை. அதே கட்டின் மூன்றாவது பக்கத்தைத் தேய்த்தார். விரலைத் திருப்பி என்னிடம் காட்டினார். கறுப்பு.

"இது என்ன மைலே?" குரல் கேட்கவே இல்லை, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஸ்கூல் பிள்ளைங்க மை சார்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் சார்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிப்பேன்னு போஜன்கிட்ட மீசைய வெச்சுச் சொல்லிட்டேன் சார்."

அவர் என் மீசையைப் பார்த்தார். ரிப்போர்ட்டில் எழுதினால் சட்டைக் கையில் இருக்கும் என் பதவிக் கோடு போகும், எழுத்து வேலை போகும், அம்மாவுக்கு அனுப்பும் பணம் குறையும். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"அந்த பேஸ். அது யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். அம்மா அன்னைக்கு லயத்துல..."

"ஆமா. சொன்னாங்க." விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். "என் காதுல விழுந்துச்சு. நான் எழுதிக்கலை. அது என் தப்பு."

என்னைப் போன்றவனிடம் ஒரு பேண்டு மாஸ்டர் தன் தப்பைச் சொன்னார். டிராயரிலிருந்து ஒரு புது பாட்டில் எடுத்து மேஜைமேல் வைத்தார். கரையாத மை. காலையிலேயே ஊட்டியிலிருந்து வரவழைத்திருந்தார்.

"உக்காரு. மூணாம் பாகம் முழுசும் திருப்பி எழுது. பேஸ் கூப்பிட்டதையும் எழுது. இதுதான் டில்லிக்குப் போகும்."

எழுதினேன். பக்கத்திலேயே இருந்தார். புல்லாங்குழலைக் கூப்பிட்ட இடத்தில் நான் ஒரு சுரம் தவறாக ஊதியிருந்தேனாம். சிவப்புப் பென்சிலால் திருத்தினார். கடைசித் தாளை வாங்கும்போது சொன்னார்:

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. நீ வாய் உள்ளவன். இந்த பேஸ் விசயத்த ஊர் முழுக்கச் சொல்லணும்னு உனக்கு நாக்கு அரிக்கும். மைய மறைச்சிட்டு இத மட்டும் சொன்னா நீ பொய்யன். ரெண்டையும் சேத்துச் சொல்ற தைரியம் என்னைக்கு வருதோ அன்னைக்குச் சொல்லு. அதுவரைக்கும் மூச்சு விடப்படாது. மூச்சை அடக்குறதுல நீதான் பெரிய ஆளாச்சே."

விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் தேய்த்தார். முதல் பக்கம் மட்டுமல்ல, எல்லாப் பக்கத்தையும். "அடுத்த பக்கம்" என்றார். அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை. அது கடைசித் தாள்.

'தேயிலை நாள்' டில்லிக்குப் போயிற்று. நின்றது. சார் ஊருக்குப் போனார். இப்போது அவர் இல்லை. பட்டாளம் எனக்குக் கேத்தியில் ஒரு வீடு கட்டும் அளவுக்குக் கொடுத்தது. அம்மாவைக் கடைசிக் காலத்தில் லயத்திலிருந்து கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்ள முடிந்தது. பிள்ளைகள் இருவரும் படித்தார்கள். இத்தனைக்கும் நடுவில், நான் செய்த வேலையிலேயே பெரிய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போஜனிடம்கூட. சார் அன்றே தாள்களை வாங்கிக்கொண்டதால், பேஸ் அவர் கடைசி நேரத்தில் சேர்த்தது என்றுதான் பேண்டில் நினைத்தார்கள். தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம். அதற்கு மேல் அலங்காரமாக எதுவும் சொல்ல முடியாது.

அன்று சதீஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறின டீயை அவர் ஒரே மடக்கில் குடித்தார்.

"பள்ளிக்கூட மையிங்களா!" என்று சிரித்தவர், உடனே சிரிப்பை நிறுத்தி, பழைய கட்டைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். இத்தனை வருடம் கழித்தும் கொஞ்சம் ஒட்டியது. புதுக் கட்டில் சிவப்புப் பென்சில் திருத்தத்தைக் காட்டினேன். அது யார் கை என்று அவருக்குத் தெரியும். அலமாரி முழுக்க அந்தக் கைதானே.

"அப்ப புதுசுதானுங்க கடைசி. யாரோ சொருகலீங்க." கட்டை மூடினார். "கச்சேரிக்கு வர்றவங்களுக்கு அச்சடிச்சுக் குடுக்கற தாள்ல உங்க பேரப் போடட்டுங்களாய்யா? வேண்டாம்னா விட்டுறலாமுங்க."

"ஏன் வேண்டாம்? போடுங்க. பெரிசாவே போடுங்க. ஆனா மையையும் போடணும். மை இல்லாம என் பேர் வரக்கூடாது."

போன மாதம் கச்சேரி நடந்தது. நல்ல வெயில், துளிப் பனி இல்லை. போஜன் தன் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கச்சேரித் தாளைப் படித்தான். மூன்றாம் பாகத்துக்குக் கீழே இருந்த இரண்டு வரியை இரண்டு தடவை படித்தான். 'இப்பகுதியில் பேஸ் கூப்பிடும் இடங்கள், தவறான மையில் எழுதப்பட்ட தாள்கள் பனியில் கரைந்த முதல் கச்சேரியில், அந்தத் தாள்களை எழுதிய மாரிமுத்து ஊதியவை.'

"அட கிராதகா" என்றான் போஜன். "அன்னைக்கு என் கண்ணுல கோளாறுன்னு நெனச்சு மாசக்கணக்கா டாக்டர்கிட்ட அலைஞ்சேனே!"

மேடையில் மூன்றாம் பாகம் ஆரம்பித்தது. என்னை அறியாமலே எண்ண ஆரம்பித்தேன். பதினாறில் பேஸ் கூப்பிட்டது. பதினேழில் ஹார்ன்கள் வந்தன. போஜன் என் முழங்காலில் ஒரு அடி வைத்தான். அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது நான் விரலை நாக்கில் தொட்டு, அச்சில் இருந்த என் பெயரின் மேல் ஒரு தேய் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.